கட்டிலோடு வாடகைக்கு

அத்தியாயம் 7

அம்சவள்ளிக்குப் புதுச்சேரி டெலிபோன் ஆபீசில் வேலை கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. அந்த ஒரு வாரமும் அபிஷேகப்பாக்கத்தில் வேறு பேச்சில்லை. வயசுப் பெண்ணை டவுனுக்கு அனுப்புவதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் அப்பா சம்மந்தம் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரிய பொண்ண காரைக்காலுக்கே அனுப்பி வச்சிருக்கேன். இது கூப்பிடு தூரம். இதுக்கு இன்னா பயம்?"

பெரிய பெண் வனஜா. மூன்று வருஷத்துக்கு முன்பு தங்கராசுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிரெஞ்சு சர்க்காரில் சைகோன் வரை போய்க் குமாஸ்தா வேலை பார்த்துத் திரும்பிய மாப்பிள்ளை. கொடி மாறிய பிறகும் அவர் வேலை போகவில்லை; காரைக்காலுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். மாதம் தவறாமல் வனஜாவின் கடிதம் காரைக்கால் முத்திரையோடு வரும். 'அவரும் நானும் சுகம்' என்று தொடங்கும். அம்சவள்ளி உரக்கப் படிப்பாள். சம்மந்தம் இரண்டாம் தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்பார். அம்மா கெங்கம்மாள் மட்டும் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

டெலிபோன் ஆபீசில் காலை ஆறு மணிக்கு முறை. பஸ் ஏறும் பக்கத்துத் தவளக்குப்பத்தில் முதல் பஸ்ஸே ஏழுக்குத்தான். டவுனில் வீடு எடுத்தே ஆகவேண்டும். ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் எந்த ஊரில் போடுவார்களோ தெரியாது. அதற்காக வண்டி கட்டிச் சாமான் ஏற்றுவதா என்று சம்மந்தம் யோசித்தபோது கெங்கம்மாள்தான் வழி சொன்னாள்.

"முத்தியால்பேட்டைல உலகநாதன்னு ஒரு தரகர் இருக்காராம். கட்டில் மேசையெல்லாம் போட்டே வூடு குடுக்கறாங்களாம். எங்க அண்ணன் சொல்லிச்சு. அவரையே போய்ப் பாருங்க. வேற யாரையும் பாக்க வேணாம்."

சனிக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். "நீயும் வாயேன்" என்று கூப்பிட்டதற்குக் கெங்கம்மாள் மாட்டைக் காரணம் சொன்னாள்.

*

உலகநாதன் குடை, வெற்றிலைப் பெட்டி சகிதம் தெருமுனையிலேயே காத்திருந்தார்.

"வாங்க பெரியவரே. உங்க வூட்ல சொல்லியனுப்பினாங்க. இப்ப முன்ன மாதிரி இல்லீங்க. வெள்ளக்காரன் மூட்ட கட்டினதும் மெட்ராசுலேருந்தும் டில்லிலேருந்தும் ஆபீசருங்க வந்துகினே இருக்காங்க. கையில ஒரு டிரங்குப் பெட்டி, அவ்ளோதான். அவங்களுக்குக் கட்டிலோட வூடு வேணும். தேடிக் குடுக்க நான் வேணும்."

பேசிக்கொண்டே ஒரு மாடி வீட்டின் முன் நின்றார். வெள்ளையடித்த சுவர், பச்சைக் கதவு. மாடிப்படி தெருவைப் பார்த்தே ஏறியது.

"கீழ வூட்டுக்காரம்மா இருக்காங்க. ஒண்டிக்கட்ட. நல்ல மனுசி. மேல முழுக்க வாடகைக்கு. இன்னிக்குப் பகல்ல ஒரு ஆபீசரும் பாக்க வராரு. உங்களுக்கு வேணும்னா இப்பவே சொல்லிடுங்க."

முன்னறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் இருந்தன. சன்னலைத் திறந்ததும் கடற்காற்று வந்தது. அம்சவள்ளிக்கு இடம் பிடித்துவிட்டது. நேராகச் சமையலறையைப் பார்க்கப் போனாள். சம்மந்தம் படுக்கையறைக்குள் போனார்.

போனவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

அறை நடுவில் ஒரு கட்டில். தலைமாட்டுப் பலகையில் எதிரும் புதிருமாக இரண்டு கிளிகள். சம்மந்தம் மெதுவாகக் கிட்டே போனார். வலப்பக்கக் கிளியின் மூக்கைத் தடவிப் பார்த்தார். அங்கே மரம் இல்லை, அரக்கு. உடைந்த மூக்கை அரக்கு வைத்து ஒட்டியிருந்தது.

பாகூர் ஆசாரியின் உளி தவறி அந்த மூக்கு தெறித்தபோது சம்மந்தம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "கல்யாணக் கட்டில்ல மூளியா?" என்று அன்று ஆசாரியோடு சண்டை போட்டதும் அவர்தான். அவர் கொல்லையில் நின்ற வாகை மரம் அது. வனஜா பிறந்த வருஷம் வைத்தது. அவள் கல்யாணத்துக்கு வெட்டியது.



"நைனா!" சமையலறையிலிருந்து அம்சவள்ளியின் குரல் வந்தது. "நைனா, இங்க வா."

அவள் பித்தளைக் குடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள். சம்மந்தத்துக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் இதைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. 'அபிஷேகப்பாக்கம் சம்மந்தம் மகள் வனஜா' என்று வெட்டச் சொல்லி, கடைக்காரனிடம் இரண்டு மணி நேரம் காத்திருந்து வாங்கி வந்தவர் அவர்.

"எல்லாமே அக்காவோடது" என்றாள் அம்சவள்ளி. "அண்டா, சொம்பு, குத்துவெளக்கு… எல்லாத்துலயும் பேர் இருக்குது, நைனா."

சம்மந்தம் திரும்பி உலகநாதனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எம் பொண்ணு எங்கடா?"

"இன்னாங்க இது, விடுங்க…"

"காரைக்கால்ல இருக்கற பொண்ணோட சாமான் இங்க எப்டி வந்துச்சு? செத்துட்டாளா? செத்துட்டாள்னா சொல்லிடு. சொல்லிடுடா!"

வெற்றிலைப் பெட்டி கீழே விழுந்து உருண்டது. "ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வூட்டுக்காரம்மா கீழதான் இருக்காங்க. இருங்க, கூப்பிடறேன்" என்று சட்டையை விடுவித்துக்கொண்டு ஓடினார் உலகநாதன்.

படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. கூடவே சாவிக்கொத்தின் சத்தம்.

வாசலில் வனஜா நின்றாள்.

இளைத்திருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் எதுவும் இல்லை. அப்பாவைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், அவர்களுக்குப் பின்னால் யாரையோ தேடினாள்.

"அம்மா வரலியா?" என்றாள்.

அம்சவள்ளிக்கு அந்தக் கேள்விதான் முதலில் உறைத்தது. எப்படி வந்தீர்கள் என்று அக்கா கேட்கவில்லை. ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"அக்கா… அம்மாவுக்குத் தெரியுமா?"

வனஜா கண்ணைத் தாழ்த்தித் தலையசைத்தாள். 

*

கட்டிலின் விளிம்பில் சம்மந்தம் உட்கார்ந்திருந்தார். தானாக உட்கார்ந்தாரா, அம்சவள்ளி உட்கார வைத்தாளா என்று அவருக்கே தெரியாது. வனஜா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். சொம்பு அவர் கையில் அப்படியே இருந்தது.

"மாப்ள எங்க?"

"கப்பலேறிப் போயிட்டாரு, நைனா. பதினாலு மாசம் ஆவுது."

"எங்க?"

"பிரான்சுக்கு."

"உன்ன உட்டுட்டா?"

வனஜா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. பல தடவை தனக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைப் போல வரிசையாகச் சொன்னாள்.

"பிரான்சுல வேல இருக்குது, பேப்பரெல்லாம் எழுதிப் போட்டிருக்கேன்னு சொல்லிகினே இருந்தாரு. அப்ப எம் பேரையும் சேக்கணும், நம்ம கல்யாணத்த சர்க்கார் மேரி ஆபீசுல எழுதிடலாம்னு நான் கேட்டேன். இன்னிக்கு நாளைக்குன்னு நாளக் கடத்தினாரு. ஒரு நாள் அவரு ஆபீஸ் போனப்புறம் நானே போயிட்டேன். பொறப்பு, சாவு, கல்யாணம் எல்லாம் எழுதி வைக்கற எடமாச்சே, கேட்டா சொல்லிட்டுப் போறாங்கன்னு போனேன். அங்க இருந்தவரு பெரிய பொஸ்தகத்தப் பொரட்டிப் பாத்தாரு. பாத்துட்டு என்னையே பாத்தாரு."

"இன்னான்னு?"

"நீ யாரும்மான்னு கேட்டாரு. அவரு சம்சாரம்னு சொன்னேன். அவருக்குக் கல்யாணம் ஏற்கெனவே எழுதியாச்சே, நாப்பத்தொம்பதாம் வருசமே சைகோன்ல நடந்து இங்க பதிவாயிருக்குதே, பொண்ணு பேரு உம் பேரு இல்லியேன்னாரு."

வனஜா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"நான் அவருக்குப் பொண்டாட்டியே இல்ல, நைனா. அந்தப் பொஸ்தகத்துல நான் யாருமே இல்ல."

சம்மந்தத்தின் கையிலிருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் வேட்டியில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

"மேரில எழுதறத அப்பறமா பாத்துக்கலாம் மாமான்னு சொன்னான்" என்றார். "முகூர்த்தத்துக்கு மொத நாளு. கொல்லைல நின்னு சொன்னான். நான்தான் சரின்னு தலையாட்டினேன். நான்தான்."

"ராத்திரி அவரு வூட்டுக்கு வந்ததும் கேட்டேன். இல்லேன்னு சொல்லல. அந்தம்மா இப்ப பிரான்சுல இருக்காங்க, அவங்ககிட்டதான் போறேன், ஒரு பொண்ணும் இருக்குதுன்னு சொன்னாரு. ஒரு வாரத்துல பெட்டி கட்டிட்டாரு. தாலிய நானே கழட்டி அவரு பெட்டிமேல வச்சேன். எடுத்துகினு போனாரோ, வித்துட்டாரோ, தெரியாது."

"ஏங்க்கா எங்ககிட்ட சொல்லல?" அம்சவள்ளி கேட்டேவிட்டாள். "மாசாமாசம் லெட்டர் எழுதினியே. அவரும் நானும் சுகம்னு எழுதினியே. நான் எத்தன தடவ படிச்சேன் தெரியுமா?"

"காரைக்கால்ல பக்கத்து வூட்டுல தையலம்மாள்னு ஒரு அம்மா. இந்த வூடு அவங்களோடது. நீ போய் இரு, மாடிய வாடகைக்கு வுட்டுப் பொழச்சிக்க, பாழாப் பூட்டிக் கெடக்கறதுக்கு ஆள் இருந்தா எனக்கும் நல்லதுன்னு சாவியக் குடுத்தாங்க. நான் இங்கேருந்து எழுதி அவங்களுக்கு அனுப்புவேன். அவங்க அங்க தபால்ல போடுவாங்க." வனஜா தங்கையின் பக்கம் திரும்பினாள். "உனக்கு அப்ப நெட்டப்பாக்கத்துலேருந்து வரன் பேசிகினு இருந்தாங்க, அம்சா. இது தெரிஞ்சா யாரு வருவா? அதுவுமில்லாம…" அப்பாவைப் பார்த்தாள். "நீ மாப்ளயப் பத்தி ஊர்ல பேசாத நாள் உண்டா, நைனா? அத்த நான் எப்டி ஒடைப்பேன்?"

"உங்க அம்மாகிட்ட மட்டும் சொன்னியே."

"சொல்லல. மாட்டிக்கினேன். போன வைகாசியில வில்லியனூர்த் தேரு பாக்கப் போனேன். கூட்டத்துல யாரோ முதுகத் தொட்டாங்க. திரும்பினா அம்மா. அங்கியே கற்பூரத்துமேல அடிக்கச் சொல்லி சத்தியம் வாங்கினேன், உங்ககிட்ட வாயால சொல்லக்கூடாதுன்னு."

அம்சவள்ளிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. உலகநாதனையே போய்ப் பாருங்கள், வேறு யாரையும் பார்க்க வேண்டாம். அம்மா சத்தியத்தை மீறவில்லை. வாயால் எதையும் சொல்லவில்லை. புருஷனைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

சம்மந்தத்துக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு கறுத்தது.

"பத்து மாசம்" என்றார். "பத்து மாசமா எங்கூட ஒரே வூட்டுல இருந்துகினு, சோறு போட்டுகினு…" எழுந்தார். "பெட்டியக் கட்டு. வூட்டுக்குப் போலாம்."

"வரல, நைனா."

"இன்னா வரல? எம் பொண்ணு கல்யாணக் கட்டில யாருக்கோ வாடகைக்கு வுட்டுகினு…"

"அங்க வந்து நான் இன்னா செய்யறது? ஊர் கேட்டா நீ இன்னா சொல்லுவ?" வனஜாவின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "இங்க என்ன யாரும் எதுவும் கேக்கறதில்ல. வூட்டுக்காரம்மான்னு கூப்பிடறாங்க. ரெண்டு வேள பொங்கித் திங்கறேன். யார் முன்னாலயும் தல குனிஞ்சி நிக்கல. இத்த வுட்டுட்டு வரச் சொல்றியா?"

கீழே கை ரிக்‌ஷாக்காரன் மணியடித்தான். உலகநாதன் படியில் பாதி ஏறி நின்று, தயங்கித் தயங்கிக் குரல் கொடுத்தார்.

"அம்மா… அந்த ஆபீசரும் அவங்க சம்சாரமும் வந்துட்டாங்க. அனுப்பலாங்களா, இல்ல அப்பறமா வரச் சொல்லட்டுங்களா?"

வனஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வரச் சொல்லுங்க."

*

மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி, மெட்ராஸ்காரர். கூடவே பட்டுப் புடவை கட்டிய அவர் மனைவி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்ற கிழவரைப் பார்த்ததும் அதிகாரி கைகூப்பினார்.

"நமஸ்காரம். நீங்கதான் வீட்டுக்காரரா?"

சம்மந்தம் பதிலுக்குக் கைகூப்பினார். 

அந்த அம்மாள் அதற்குள் கட்டிலை அமுக்கிப் பார்த்தாள். கிளிகளைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன மரம் இது? இவ்வளவு கனமா இருக்கே?"

"வாகைங்க." சம்மந்தம் கட்டில் காலைத் தட்டிக் காட்டினார். "எங்க கொல்லைல நின்னது. எம் பொண்ணு கல்யாணத்துக்குச் செஞ்சது."

அந்த அம்மாள் அவரையும் வனஜாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மேற்கொண்டு எதையும் கேட்காமல் கட்டிலிலிருந்து கையை எடுத்தாள். அதிகாரி கவனிக்கவில்லை.

"அப்ப எல்லாம் உங்ககிட்டயே பேசிடலாமா? பெரியவங்க இருக்கறப்ப…"

அம்சவள்ளி அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள். அப்பா இப்போது கத்துவார், இல்லையென்றால் வீடு வாடகைக்கு இல்லை என்று கதவைச் சாத்துவார் என்று நினைத்தாள்.

சம்மந்தம் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"வூட்டுக்காரங்க அவங்க" என்று வனஜாவைக் காட்டினார். "அவங்ககிட்ட பேசுங்க. நான் பாக்க வந்தவன்."

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. விடுவிடுவென்று படியிறங்கிப் போய்த் தெருவில் நின்றார். அவர் தோள் குலுங்குவதை மாடிச் சன்னலிலிருந்து அம்சவள்ளி பார்த்தாள். அதுவரை அப்பா அழுது அவள் பார்த்ததில்லை.

அதிகாரிக்கு வீடு பிடித்துவிட்டது. அம்சவள்ளி கீழ்வீட்டில் அக்காவோடு இருப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அம்சவள்ளி. அப்பாவிடம் அவள் கேட்கவில்லை, சொன்னாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இங்கிருந்தே நடந்து போவாள். மாற்றுப்புடவை அக்காவுடையது. சம்மந்தம் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். சாப்பிட உட்கார்ந்தார், இரண்டு கவளத்தோடு எழுந்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்று வனஜாவின் தலையில் கை வைத்தார். 

*

பஸ் அரியாங்குப்பத்தைத் தாண்டும் வரை சம்மந்தம் கெங்கம்மாளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கேள்வியாக அடுக்கிப் பார்த்தார். எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் கொல்லையில் நின்று தலையாட்டிய அந்த மாலையில் போய் முட்டியது. பிறகு சண்டையும் ஓய்ந்துபோயிற்று.

தவளக்குப்பத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. கடைகளில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மைல் நடக்க வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாமா என்று நின்றார்.

"ஐயா, ஒரு நிமிஷம்."

பெண் குரல். திரும்பிப் பார்த்தார். முப்பது வயதிருக்கும். புடவை கட்டியிருந்தாள், ஆனால் கட்டிப் பழகாதவள் போல இடுப்பில் ஒரு கை பிடித்திருந்தாள். காலடியில் ஒரு தகரப் பெட்டி. அதன்மேல் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று தூங்கி வழிந்துகொண்டிருந்தது. சின்னக் கண், வெளுத்த முகம். இந்தப் பக்கத்து ஜாடை இல்லை.

"அபிஷேகப்பாக்கம் எந்தப் பக்கம் போகணும்?" தமிழ்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"யாரப் பாக்கணும்?"

"சம்மந்தம்னு ஒருத்தர். நிலம் வச்சிருக்கார்."

அவர் கிட்டே வந்தார். "இன்னா விசயம்?"

"தெரிஞ்சவங்க டவுனில் சொன்னாங்க. தங்கராசுன்னு ஒரு ஆள், அவர் அந்த வீட்டு மாப்பிள்ளைன்னு." அவள் குழந்தையின் தலையைச் சரித்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். "அவர் என் புருஷன். நாங்க சைகோனிலிருந்து வர்றோம். ரெண்டு வருஷமா ஒரு கடிதமும் இல்லை. அவர் அந்த வீட்டில்தானே இருக்கார்?"

சம்மந்தம் டீக்கடை மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு… அவரு உங்ககிட்ட வரலியா?"

அவள் முகம் மாறியது. "என்னிடமா? என்னிடம் வர்றதா சொன்னாரா? எப்போ?"

"பதினாலு மாசத்துக்கு முன்னால கப்பலேறினாரு."

"எந்தக் கப்பல்?"

சம்மந்தத்துக்குத் தெரியவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்கள் நிறைந்தன, துடைத்துக்கொள்ளவில்லை. குழந்தை விழித்துக்கொண்டு, புரியாத பாஷையில் எதையோ கேட்டது. 

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கடைசியில். "நீங்க யார்?"

சம்மந்தம் குனிந்து தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா சம்மந்தம்" என்றார். "ரெண்டு மைல் நடக்கணும். கொழந்த நடக்குமா?"